இடது முழங்காலில் கேட்ட பாட்டு

வேப்பந்தட்டை கடைத்தெருவில் மைக் செட் கடை வைத்திருக்கும் அமாவாசைக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம், காதுகுத்து, அம்மன் திருவிழா என்று சுற்றுப்பட்ட ஊருக்கெல்லாம் முப்பது வருஷமாகப் பாட்டுப் போட்டவர். அப்பேர்ப்பட்ட மனிதர், தை பிறந்ததிலிருந்து, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கடைக்குள் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, செல்போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் பெண்டாட்டி சும்மா விடுவாளா? பாக்யலட்சுமி ஒருநாள் சோற்றுத் தூக்கை வாங்க வந்தவள், அப்படியே குனிந்து போனை எட்டிப் பார்த்தாள்.

அவள் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண், மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மேசை நிறைய குமிழ்களும் கட்டைகளும் வட்டத் தட்டுகளும். சிரிப்பில்லை, ஆட்டமில்லை. இரண்டு மணி நேரமும் நின்ற இடத்தில் நின்றபடி குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"என்னங்க இது? மாவு மில்லு ஓடுற மாதிரி டப்பு டப்புன்னு. ஒரு ராகம் இல்ல, ஒரு வார்த்தை இல்ல."

"பாட்டை விடு. கையைப் பாரு."

"கையில என்ன இருக்கு? ஒரு வளையல்கூட இல்ல" என்று சொல்லிவிட்டுத் தூக்கோடு போய்விட்டாள்.

வளையலுக்காகவா பார்த்தார் மனிதர்? நந்தினி, அவர் மகள், பெரம்பலூரில் கல்லூரிக்குப் போகிறவள், ஏதோ ஒரு நாள் அவர் போனில் பாட்டுத் தேடப்போய் இந்த வீடியோ வந்து நின்றது. டெக்னோ என்று பெயராம். பெயரும் புரியவில்லை, பாட்டும் பிடிக்கவில்லை. ஆனால் நடுநடுவே கேமராவை மேலே தொங்கவிட்டுக் கைகளை மட்டும் எடுத்திருந்தார்கள். தொழில்காரன் கண்ணுக்கு அது போதாதா?

முதல் பத்து நிமிஷம் பார்த்தபோது ஒரே பாட்டு ஓடுவதாகத்தான் நினைத்தார். அப்புறம்தான் உறைத்தது, அதற்குள் மூன்று பாட்டு மாறியிருந்தது. எங்கே மாறியது? பின்னால் தள்ளிப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றை அதற்கு அடியில் நுழைத்திருக்கிறாள். இரண்டும் ஒரே அடியில் ஓடுகின்றன, ஒரு ஜோடி மாடு நடக்கிற மாதிரி. பழைய பாட்டின் பேஸை, நெஞ்சில் இடிக்கிற அந்த அடிச்சத்தத்தை, குறைக்கிற அதே நொடியில் புதுப் பாட்டின் பேஸை ஏற்றுகிறாள். இரண்டு பேஸும் ஒரு அடிகூடச் சேர்ந்து இடிப்பதில்லை. கேட்கிறவனுக்கு எதுவும் தெரியாது, கால் மட்டும் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். "அடி ஆத்தா" என்றார் அமாவாசை, தனியாகப் படுத்திருந்த கடையில், வாய்விட்டு.

அவர் தொழிலில் பாட்டு முடிந்தால் ஒரு மௌனம் விழும். அடுத்ததைப் போடும்வரை பந்தலே அவரைத் திரும்பிப் பார்க்கும். முப்பது வருஷமாக அந்த மௌனத்தை விதி என்று எண்ணியிருந்தார். இந்தப் பெண் அதை ஒழித்தே கட்டியிருந்தாள்.

ஆனால் அவரை அந்த வீடியோவோடு கட்டிப்போட்டது கை மட்டும் இல்லை. அவள் ஹெட்போனை வலது காதில் மட்டும் வைத்திருந்தாள். இடது காதைத் திறந்தே விட்டிருந்தாள். நாலைந்து நாள் அதைப் பார்த்த பிறகு அமாவாசைக்கு விஷயம் புரிந்தது. கேட்காத காதுக்கு எதற்கு மூடி? பாவம், இவளுக்கும் இடது காது போய்விட்டது.

இவளுக்கும் என்றால்? அங்கேதான் கதை இருக்கிறது. அமாவாசைக்கு நாலு வருஷமாக இடது காது கேட்காது. கூம்புக் குழாயும் பெட்டியும் ஓயாமல் பக்கத்திலேயே அலறினால் காது எத்தனை வருஷம்தான் தாங்கும்? யாருக்கும் சொல்லாமல் பெரம்பலூர் போய் டாக்டரிடம் காட்டினார். நரம்பு போய்விட்டது, மெஷின் வைத்தாலும் பெரிய பிரயோஜனம் இருக்காது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது எடுத்த முடிவு, இதை ஊருக்குச் சொல்வதில்லை என்பது. செவிடன் நடத்துகிற மைக் செட் என்று ஒரு வாய் சொன்னால் போதும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை. அவள் சொன்னது கேட்காதபோதெல்லாம் "செவிடன் காதுல ஊதின சங்கு" என்று திட்டுவாள். எல்லா வீட்டிலும் பெண்டாட்டிமார் சொல்வதுதானே என்று அதுவும் கழிந்துகொண்டிருந்தது.

போன வருஷம்தான் வினை வந்தது. பக்கத்து ஊர் மாரியம்மன் தேருக்கு அவர்தான் வருஷாவருஷம் மைக் செட். அந்த ஊரில் ஒரு வழக்கம். தேர் நிலையை விட்டு நகர்ந்தால், பாட்டு மாற்றுகிற நேரம் தவிர, மறுபடி நிலைக்கு வரும்வரை பாட்டு நிற்கக்கூடாது. மேளம் முன்னால் வெகுதூரம் போய்விடும், வடம் பிடிக்கிற இருநூறு பேருக்கும் அது கேட்காது. அவர்கள் இழுப்பது அமாவாசையின் பாட்டு அடிக்குத்தான். தேருக்கு முன்னால் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில், இடது வடத்துக்காரர்களுக்கு ஒரு பெட்டி, வலது வடத்துக்காரர்களுக்கு ஒரு பெட்டி என்று வைத்துப் போட்டுக்கொண்டே போவார். போன வருஷம் மூலை திரும்பும்போது வண்டி குலுங்கியதில் இடது பெட்டியின் ஒயர் கழன்றுவிட்டது. இடது பக்கம் பாட்டு நின்றதும் அந்த வடம் தொய்ந்தது. வலது வடம் இழுத்துக்கொண்டே போனது. தேர் கோணிக்கொண்டு போய் ஒரு வீட்டுச் சன்ஷேடைப் பெயர்த்துவிட்டு நின்றது. ஆத்தா புண்ணியத்தில் யாருக்கும் அடியில்லை. அமாவாசையோ வலது காதில் பாட்டு நன்றாகக் கேட்கிறதே என்று முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். இடது பக்கமிருந்து "நிறுத்து, நிறுத்து" என்று ஊரே கத்தியும் திரும்பவில்லை.

விழாக் கமிட்டித் தலைவர் வேணுகோபால் வண்டியில் ஏறி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏன்டா, தண்ணி போட்டுட்டியா?"

அமாவாசை வாழ்க்கையில் சாராயத்தை மோந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு நொடியில் அவர் போட்ட கணக்கு இதுதான்: குடிகாரனை மன்னித்து அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள், செவிடனை எவன் கூப்பிடுவான்? குடிகாரன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போனார். அந்தப் பெயர் ஒரு வருஷமாக அவர் கூடவே திரிந்தது.

இப்போது தெரிகிறதல்லவா, அந்த வெள்ளைக்காரப் பெண் அவருக்கு யாரென்று? ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு ஆயிரம் பேரை ஆட்டி வைக்கிறாள், யாரிடமும் போய்த் தலை குனிந்து நிற்கவில்லை. மதியம் படுத்துக்கொண்டு அவளைப் பார்க்கும்போது அவருக்குச் சில நாள் கண் கலங்கும். தங்கச்சி மாதிரி என்று நினைத்துக்கொள்வார்.

மாசி மாதம் ஒரு நாள், வேறொரு வீடியோவில், ஒரு மணி நாற்பது நிமிஷம் தாண்டிய இடத்தில், அந்தத் தங்கச்சி ஹெட்போனைக் கழற்றி இடது காதுக்கு மாற்றி வைத்துக்கொண்டாள். வலது காதைத் திறந்துவிட்டாள். முன்போலவே பாட்டு மாறியது. முன்போலவே அடி பிசகவில்லை.

அமாவாசை விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். ஏமாற்றிவிட்டாளே! அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மகளிடம் போனை நீட்டினார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு எதுக்கு ஒத்தக் காதை மட்டும் மூடிக்குது?"

"அதுவாப்பா? தொறந்த காதுல கூட்டத்துக்குப் போற பாட்டைக் கேப்பாங்க. மூடின காதுல அடுத்து வரப்போற பாட்டு ஓடும், அது அவங்களுக்கு மட்டும்தான் கேக்கும். ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டாந்து, அடிக்கு அடி சேர்த்துட்டு, அப்புறம்தான் வெளிய வுடுவாங்க."

"அப்ப ரெண்டு காதும் வேணுங்குற."

"பின்ன? ரெண்டும் இல்லாம எப்புடிப்பா?"

இரண்டு நாள் அவர் போனைத் தொடவில்லை. கோபம் அந்தப் பெண்மேல் இல்லை. அவள் என்ன செய்வாள், இரண்டு காதோடு பிறந்தது அவள் குற்றமா? உலகத்தில் தன்னைப் போல் ஒருத்தி இருக்கிறாள் என்று இருந்தது, அது இல்லை என்று ஆகிவிட்டது. அந்தத் துக்கம்தான்.

மூன்றாம் நாள் ஒரு பேஸ் பெட்டியைப் பழுது பார்த்துவிட்டு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது காதில் ஹெட்போனை வைத்து, வேறொரு பாட்டில் இன்னொரு லைனைச் சோதித்துக்கொண்டிருந்தார். இடது முழங்கால் தற்செயலாகப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று உடம்பு கூசியது. காதுக்குள் ஓடுகிற பாட்டின் அடியும் முழங்காலில் இடிக்கிற அடியும் ஒன்றோடொன்று மோதின. ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது. எவ்வளவு பிந்துகிறது என்றுகூடத் தெரிந்தது. காதுக்கு எட்டாததை முழங்கால் சொல்லிக்கொண்டிருந்தது!

அதற்கப்புறம் மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. திருச்சிக்குப் போய், பழைய சாமான் கடையில் துருவித் துருவிப் பார்த்து, வட்டத் தட்டு இரண்டு வைத்த ஒரு சின்ன டிஜே மிக்ஸரை வாங்கி வந்தார். மகளின் பழைய லேப்டாப்பில் அதைப் பூட்டினார். தன்னிடம் இருந்த அம்மன் பாட்டுகளை எல்லாம் ஓடவிட்டு, கடிகாரத்தை வைத்து, நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிக் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். தொண்ணூற்றாறு ஒரு பக்கம், நூறு ஒரு பக்கம், நூற்றிநாலு ஒரு பக்கம். வீடியோவை ஒரு கை தூரத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு அவள் திருகும்போது தானும் திருகினார். அவள் அவசரப்படாததைப் பார்த்துத் தானும் அவசரப்படாமல் இருக்கப் பழகினார். அதுதான் கஷ்டமாக இருந்தது. புதுப் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு உரிய இடம் வரும்வரை வெளியே விடாமல் இருக்கிறாளே, அந்தப் பொறுமைக்கே அவளைக் கும்பிடலாம் என்று தோன்றியது. முதல் ஒரு மாதம் அவர் சேர்த்ததெல்லாம் இரண்டு பஸ் மோதின சத்தமாகத்தான் வந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் அன்பழகன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். பங்குனிக் கடைசியில் ஒரு மதியம், டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் வந்து, "என்ன அண்ணே, இன்னிக்கு ஒரே பாட்டையே முக்கா மணி நேரமா வுட்டுட்டீங்க?" என்று கேட்டார்.

அதற்குள் பதினொரு பாட்டு போயிருந்தது. அமாவாசை அவருக்கும் சேர்த்து இரண்டு டீ சொல்லி, தன் காசிலேயே வாங்கிக் கொடுத்தார்.

வைகாசியில் காப்புக் கட்டுவதற்கு முன்னால் வேணுகோபால் ஆள் அனுப்பினார். அமாவாசை பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வண்டியில் போனார். கோயில் வாசலில் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"இந்தப் பசங்க அரியலூர்லேருந்து டிஜே கூட்டியாரலாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறானுவ. நான்தான் பழகின ஆளு, நம்ம அமாவாசையே இருக்கட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் வேணுகோபால். "ஆனா ஆத்தா முன்னாடி சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிடு. போன வருஷம் குடிச்சுப்புட்டு வந்தது தப்பு, இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லு. அத்தோட போச்சு."

பாக்யலட்சுமியின் முகம் செத்துப்போனது. பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றி நீட்டினார். மனிதரிடம் பொய் சொல்லி ஒரு வருஷம் ஓட்டியாயிற்று. ஆத்தா முன்னால், எரிகிற சூடத்தின் மேல் கை வைத்துக் குடித்தேன் என்று சொல்ல அமாவாசைக்கு நாக்கு எழவில்லை. உண்மையைச் சொல்லவும் எழவில்லை. "தேரன்னிக்குக் குடிக்க மாட்டேன், ஆத்தா" என்று பாதியை மட்டும் சொல்லிச் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார். வேணுகோபால் மீதிப் பாதியைக் கேட்டு வற்புறுத்தவில்லை.

திரும்பும்போது வண்டி வரை பாக்யலட்சுமி அவருக்கு இடது பக்கமாக நடந்து வந்தாள். "குடிக்காத மனுசன் எதுக்குய்யா இதைச் சொல்லணும்? எம் மூஞ்சை எங்க கொண்டு போயி வெச்சுக்குறது?" பாதிதான் கேட்டது. கேட்ட பாதியே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

தேரன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு வடம் பிடித்தார்கள். வெயில் அடித்து நொறுக்கியது. அமாவாசை இந்த வருஷம் குட்டியானை வண்டியில் முன்பக்கம் பார்த்து உட்காரவில்லை. தேரைப் பார்த்து உட்கார்ந்தார். தேர் முகப்பில் வேணுகோபால் நின்று துண்டு வீசுவார், வேகமாக இழுக்க ஒரு வீச்சு, மெதுவாக இழுக்க ஒரு வீச்சு. காதுக்கு வருவதைக் கண்ணுக்கு மாற்றிக்கொண்டார். வலது காதில் ஹெட்போன். இடது முழங்கால் பேஸ் பெட்டியோடு ஒட்டி. ஒயர்களை எல்லாம் அவரே மூன்று தடவை முறுக்கிக் கட்டியிருந்தார்.

முதல் பாட்டு எழுந்தது. இருநூறு பேர் ஒரே அடியில் சாய்ந்தார்கள், தேர் நகர்ந்தது. பாட்டு முடியப்போகிற இடத்தில் வழக்கமாக வடம் தொய்யும், தேர் நிற்கும், சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் ஓடுவார்கள். அன்றைக்குத் தொய்யவில்லை. அம்மன் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு வாசற்படியே தெரியாமல் நடந்து போனாள். கிழக்கு வீதி முழுக்க நாலு பாட்டு மாறியது, ஒருவன் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டை போடுகிற தங்கசாமி, கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வேலையில்லாமல் கூடவே நடந்து வந்தார்.

அப்புறம் அந்த மூலை வந்தது. போன வருஷம் பெயர்ந்த சன்ஷேடு புதுச் சிமெண்டோடு நீட்டிக்கொண்டிருந்தது. வேணுகோபாலின் துண்டு தாழ்ந்து தாழ்ந்து ஆடியது. மெதுவா, மெதுவா. ஆனால் வெறி பிடித்து இழுக்கிற இருநூறு பேரிடம் யார் போய் மெதுவா என்று சொல்வது? கத்தினால் யாருக்குக் கேட்கும்? அமாவாசை மிக்ஸரின் வேகக் கட்டையில் விரலை வைத்தார். ஓடுகிற பாட்டும் அடியில் சேர்ந்து நிற்கிற பாட்டும் ஒன்றாகவே இறங்க வேண்டும், ஒன்று பிசகினாலும் முழங்கால் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மயிரிழை இழுத்தார். இன்னொரு மயிரிழை. நூற்றிரண்டு, நூறு, தொண்ணூற்றெட்டு. வடத்துக்காரர்களின் கால்கள் தங்களுக்கே தெரியாமல் தளர்ந்தன. இரண்டு வடமும் ஒரே அளவில் தளர்ந்தன. தேர் கர்ப்பிணி மாதிரி மெல்லத் திரும்பி, சன்ஷேடிலிருந்து ஒரு முழம் தள்ளியே கடந்து, தெற்கு வீதிக்குள் வந்தது. புதுப் பாட்டை முழுதாகத் திறந்துவிட்டு வேகத்தை ஏற்றினார். ஊர் குலவை போட்டது. எதற்குப் போடுகிறோம் என்று ஊருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அந்த வெள்ளைக்காரப் பெண் பார்த்தால் அவளுக்கும் தெரியும்.

ஐந்தே காலுக்குத் தேர் நிலைக்கு வந்தது. அந்த ஊர் நினைவு தெரிந்து ஆறரைக்கு முன்னால் வந்ததில்லை. அப்போதுதான் பாட்டை நிறுத்தினார். ஹெட்போனைக் கழற்றி இறங்கி நின்றவரை ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். வேணுகோபால் வியர்க்க விறுவிறுக்க வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"பாத்தியாடா? குடிக்காம இருந்தா எம்மாம் சுளுவா முடிஞ்சுபோச்சு பாத்தியா? எல்லாம் ஆத்தா முன்னாடி பண்ணின சத்தியம்!"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் "போதை இல்லாட்டி மனுசன் தங்கம்தான்" என்றார்.

ஒரு வருஷமாகத் திட்டைத் தாங்கிய அமாவாசைக்கு அந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. நாலு மாதம் சுவரில் எழுதியது, முழங்காலில் தழும்பேறியது, ஒரு மயிரிழை ஒரு மயிரிழையாக இருநூறு பேரைப் பிடித்து இறக்கியது, எல்லாம் ஒரு குவார்ட்டர் குடிக்காததால் வந்ததாம்! விறுவிறுவென்று பூசாரியிடம் போய்த் தட்டை வாங்கினார். அவரே சூடத்தை ஏற்றினார்.

"போன வருஷமும் நான் குடிக்கலீங்க" என்று சொல்லி உள்ளங்கையைச் சூடத்தின்மேல் வைத்து அணைத்தார். "எனக்கு இடது காது கேக்காது. நாலு வருஷமாக் கேக்காது. ஒயரு கழண்டதும் கேக்கலை, நீங்க கத்தினதும் கேக்கலை. இன்னிக்கும் கேக்காமத்தான் தேரை ஓட்டிக் கொடுத்தேன். ஒத்தக் காதாலயும் முட்டியாலயும் ஓட்டினேன். அடுத்த வருஷம் யாரைக் கூப்புடுறீங்களோ கூப்புட்டுக்குங்க. குடிக்காததால நல்லா ஓட்டினேன்னு மட்டும் சொல்லாதீங்க."

மைக் செட்காரன் வேலையில் அவ்வளவு பெரிய மௌனத்தை அவர் பார்த்ததில்லை. அதற்குப் பாட்டும் கிடையாது.

அதை உடைத்தது பாக்யலட்சுமிதான். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாயோ நிற்கவில்லை. "நாலு வருசமா? நான் படுக்குறதே உங்க இடது பக்கம்தானேய்யா! அப்ப நாலு வருசமா நான் திட்டினதெல்லாம்?"

"பாதி கேட்டுச்சு" என்றார் அமாவாசை.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேணுகோபால் சிரிக்கவில்லை. ஏதோ சொன்னார், இடது பக்கமாக நின்று சொன்னதால் அமாவாசைக்குக் காதில் விழவில்லை, திரும்பி அவர் உதட்டைப் பார்த்தார். வேணுகோபாலுக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. பிறகு கோயில் தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு, அவரைச் சுற்றி நடந்து, வலது பக்கம் வந்து நின்றார்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குதுங்க."

"குடிகாரன்னு ஒரு வருசம் சொன்னோமே, அப்பவே வாயைத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதாய்யா?" வெற்றிலை பாக்கை அவர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "அடுத்த வருசத் தேருக்கு இப்பவே சொல்லிப்புட்டேன். நீதான்."

அமாவாசை இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். சூடம் அணைத்த உள்ளங்கை எரிந்தது. பாக்யலட்சுமி சேலை முந்தானையை நனைத்து அதன்மேல் வைத்தாள். வீட்டுக்குப் போகும்போது வண்டியில் ஏறி உட்கார்ந்தவள், அவர் வலது தோளில் கையைப் போட்டுச் சாய்ந்துகொண்டு, நாலு வருஷ பாக்கியை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.